டோக்கியோவில் ஒரு மணி நேரம் என்ன விலை?

பணக்கார நாடுகள் ஏழு சேர்ந்த ஜி-7 கூட்டத்தில், ஒரு மணி நேர உழைப்பிலிருந்து கிடைக்கும் மதிப்பைக் கணக்குப் போட்டால் கடைசி நாற்காலி ஜப்பானுக்குத்தான். நேற்று இன்றல்ல, 1970இலிருந்தே அந்த நாற்காலியை அது யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஜப்பான் உற்பத்தித்திறன் மையம் 2023ஆம் ஆண்டுக்குப் போட்ட கணக்கில், விலைவாசி வித்தியாசத்தைச் சரிக்கட்டிய பிறகு, ஜப்பானியரின் ஒரு மணி நேரம் 56.8 டாலர். ஓஇசிடி அமைப்பின் 38 நாடுகளில் 29ஆவது இடம். அமெரிக்கரின் ஒரு மணி நேரம் இதைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல்.

இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு டோக்கியோவில் இறங்கினால் கண் ஒன்று சொல்கிறது, கணக்கு ஒன்று சொல்கிறது. நான் கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஸ்டாப்வாட்சும் கையுமாக டைம் ஸ்டடி பார்த்தவன். யாராவது வேலை செய்வதைப் பார்த்தால் கண் தானாகக் கைக்கடிகாரத்துக்குப் போகும். ஓய்வு பெற்றும் அந்தப் புத்தி விடவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு சுற்றியவன் அண்ணன் மகன். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, நிஷி-கசாயில் வீடு. 2000ஐ ஒட்டிக் கணினி வேலைக்கு வந்த நம்மவர்கள் குடியேறி, பிறகு பெருகிய பகுதி அது. காய்கறிக் கடையில் கறிவேப்பிலை கிடைக்கும்.

“கோயில் எல்லாம் அப்புறம். மொதல்ல ரயில் கழுவுறதப் பார்க்கலாம்” என்றேன். அவன் சிரிக்கவில்லை. டோக்கியோவில் அதுவும் பார்க்க வேண்டிய இடங்களில் ஒன்றுதானாம்.

டோக்கியோ ஸ்டேஷனில் 20 முதல் 23 வரையான பிளாட்பாரங்கள் வடக்கே போகிற புல்லட் ரயில்களுக்கு. செண்டாய், அவோமோரி, நீகாத்தா, கனசாவா என்று பல திசைகளின் வண்டிகளும் இந்த நாலே தண்டவாளத்தில் வந்து திரும்பியாக வேண்டும். வந்த வண்டி திரும்பிக் கிளம்ப 12 நிமிடம். இறங்க இரண்டு, ஏற மூன்று போனால் மிச்சம் ஏழு. அந்த ஏழு நிமிடத்துக்குள் வண்டி முழுக்கச் சுத்தமாக வேண்டும். சாதாரணப் பெட்டி ஒன்றுக்கு ஒரே ஆள். ஏறக்குறைய நூறு இருக்கைகள்.

வண்டி வருவதற்கு முன்பே அவரவர் பெட்டி நிற்கும் இடத்தில் வரிசையாக நின்றுவிட்டார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். தொப்பியில் ஒரு துணிப்பூ செருகியிருந்தார். ரயில் உள்ளே நுழையும்போது குனிந்து வணங்கினார். இறங்குகிறவர்களின் முன்னால் பையை விரித்துப் பிடித்துக் குப்பையை வாங்கிக்கொண்டார். கடைசி ஆள் இறங்கியதும் உள்ளே போனவர் முதலில் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்தார். கண் மேலே சாமான் தட்டில், கை கீழே இருக்கைச் சந்தில். திரும்பி வரும்போது இருக்கைகள் போகும் திசைக்குத் திரும்பியிருந்தன. அதன் பிறகு முன்தட்டுகள். திற, துடை, மூடு. இந்த மூன்றும் மூன்று வேலையாகத் தெரியவில்லை. இடது கை திறந்த தட்டை வலது கை துடைத்து முடிப்பதற்குள் இடது கை அடுத்த வரிசைக்குப் போயிருந்தது. தலைசாய்க்கும் உறையில் ஒன்றைக் கறை பார்த்து உருவி மாற்றினார். ஜன்னல் ஓரம் ஒரு இழுப்பு. பிறகு துடைப்பம், பின்பக்கமாக நடந்துகொண்டே. வெளியே வந்து மற்றவர்களோடு வரிசையில் நின்று, ஏறக் காத்திருந்தவர்களை நோக்கி மறுபடி குனிந்தபோது ஏழு நிமிடம் தீர இன்னும் சில நொடிகள் பாக்கி. எங்கள் மில்லில் இப்படி ஒருவரைக் கண்டிருந்தால் அந்த நேரத்தையே எல்லோருக்கும் அளவாக வைத்துவிட்டிருப்போம். அதனாலேயே எங்கள் மில்லில் யாரும் இப்படி வேலை செய்து காட்டவில்லை.

இதைச் செய்யும் டெஸ்ஸே என்ற கம்பெனி ஜேஆர் கிழக்கு ரயில்வேயின் துணை நிறுவனம். 2005இல் தெருவோ யாபே என்ற ரயில்வே அதிகாரி அங்கே வந்து சேர்ந்தபோது, பயணிகளின் புகாரும் வேலையை விட்டுப் போகிறவர்களின் கூட்டமும் அதிகமாக இருந்தன. அவர் சீருடையை மாற்றினார். இதை ஒரு மேடை என்று நினைத்துக்கொள்ளுங்கள், பயணிகள் பார்வையாளர்கள் என்றார். மேற்பார்வையாளர்கள் குற்றம் எழுதுவதை விட்டு, யார் என்ன நல்லது செய்தார்கள் என்று எழுதி வைக்கச் சொன்னார். பிறகு ஹார்வர்டு வணிகப் பள்ளி இதைப் பாடமாகவே வைத்துவிட்டது.

பாடத்தில் மரியாதையின் மகிமை பற்றி நிறைய இருக்கும். என் புத்தி வேறு பக்கம் போனது. ஒரு ரயிலுக்கு 12 நிமிடம் என்றால், ஏட்டுக் கணக்கில், நாலு தண்டவாளத்தில் மணிக்கு 20 ரயில் திரும்பலாம். அந்த அம்மா ஏழு நிமிடத்துக்குப் பதில் பதினைந்து எடுத்துக்கொண்டால் ஒரு ரயிலுக்கு 20 நிமிடம். மணிக்கு 12 ரயில்தான். அந்த எட்டு ரயிலின் டிக்கெட் பணம் யார் கணக்கில் ஏறுகிறது? ரயில்வேயின் கணக்கில். துப்புரவுக் கம்பெனிக்கு வருவது சுத்தம் செய்ததற்கான ஒப்பந்தத் தொகை மட்டும். ஆக, புள்ளிவிவரத்தில் ரயில் தொழிலின் உற்பத்தித்திறன் உயர்ந்து நிற்கும். துப்புரவுத் தொழிலின் உற்பத்தித்திறன் தாழ்ந்து கிடக்கும். இரண்டும் அதே துடைப்பத்திலிருந்து வந்தவை.

மறுநாள் விடியுமுன் தோயோசு மீன் சந்தை. 1935இலிருந்து இயங்கிய சுகிஜி சந்தையை 2018 அக்டோபரில் இங்கே மாற்றிவிட்டார்கள். சூரை மீன் ஏலத்தைக் கிட்ட இருந்து பார்க்கக் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். எங்களுக்கு விழவில்லை; மேலே கண்ணாடிக்குப் பின்னால் நின்றோம். கீழே பச்சைத் தரையில் வாலை வெட்டிய மீன்கள் குண்டு குண்டாக வரிசையில் கிடந்தன. வாங்க வந்தவர்கள் கையில் டார்ச்சும் கொக்கியும். வெட்டுவாயில் வெளிச்சம் அடித்து, சதையில் ஒரு துணுக்கைக் கிள்ளி இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து எண்ணெய்ப் பசையைப் பார்க்கிறார்கள். ஐந்தரைக்கு மணி அடித்தது. ஏலம் விடுகிறவரின் குரல் பாட்டா வசனமா என்று சொல்ல முடியாத ஒன்று. விரல்களால் விலை சொல்கிறார்கள். ஒரு மீனுக்குச் சில நொடிகள்தான். முடிந்ததும் நின்றுகொண்டே ஓட்டும் சின்ன வண்டிகள் தூக்கிக்கொண்டு பறக்கின்றன.

2019ஆம் ஆண்டின் முதல் ஏலத்தில், 278 கிலோ எடையுள்ள ஒற்றை மீனை 33.36 கோடி யென்னுக்குக் கியோஷி கிமுரா என்ற சுஷிக் கடை முதலாளி எடுத்தார். புத்தாண்டு முதல் ஏலம் விளம்பரத்துக்காகவும் நடப்பது. ஆனால் கணக்குப் புத்தகம் அதையெல்லாம் பார்க்காது. அன்று அந்த ஏலக்காரர் மற்ற நாளைவிட அதிகமாகக் கத்தவில்லை, வண்டிக்காரர் வேகமாக ஓட்டவும் இல்லை. ஆனாலும் அந்தச் சில நொடிகளில் அவர்களுடைய உழைப்பின் மதிப்பு எங்கேயோ போய்விட்டது. உற்பத்தித்திறன் என்பது வேலையை மணியால் வகுப்பது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வேலையை அல்ல, விலையைத்தான் வகுக்கிறார்கள்.

இதே தோயோசுவில்தான் 1974 மே மாதம் ஜப்பானின் முதல் செவன்-இலெவன் கடை திறந்தது. இன்று நாடு முழுக்க எல்லாக் கம்பெனிகளும் சேர்த்து இத்தகைய கன்வீனியன்ஸ் ஸ்டோர்கள் ஐம்பதாயிரத்துக்கு மேல். நாங்கள் நுழைந்த ஒன்றில், அந்தச் சின்ன இடத்தில், கவுண்டருக்குப் பின்னால் நின்ற நேபாளி மாணவர், என் முன்னால் நின்ற நாலு பேருக்குச் செய்த வேலை இது: பொரித்த கோழி எடுத்துக் கொடுத்தார், மின்சார பில்லுக்கு முத்திரை குத்தினார், கூரியர் பார்சலை அளந்து ஒட்டினார், சாப்பாட்டுப் பெட்டியைச் சுட வைத்தார். நம் ஊரில் நாலு கடை, நாலு வரிசை. அவருக்கு மணிக்கு எவ்வளவு என்பது கடைக் கதவிலேயே ஒட்டியிருந்தது, ஆள் தேவை விளம்பரமாக. டோக்கியோவின் குறைந்தபட்சக் கூலி 2025 அக்டோபரிலிருந்து மணிக்கு 1,226 யென். கதவில் இருந்தது அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

வெட்டி வேலையும் இந்த ஊரில் இல்லாமல் இல்லை. நிஹோன்பாஷியில் தகாஷிமாயா என்ற பெரிய கடை, 1933இல் கட்டியது. அதன் பழைய லிஃப்ட்டுகளை வெள்ளைக் கையுறை போட்ட பெண்கள் இன்னும் கையால் இயக்குகிறார்கள். மடக்குக் கதவை இழுத்து மூடி, இன்ன தளம், இன்னின்ன சாமான் என்று சொல்லி, ஒரு கையால் கதவோரத்தை மறைத்து நம்மை இறக்கிவிடுகிறார்கள். அங்கே ஒரு மிட்டாய்ப் பெட்டி வாங்கினேன். தாளைக் குறுக்காக வைத்து, பெட்டியைப் புரட்டிக்கொண்டே, ஒரே ஒரு ஒட்டுத் துண்டில் பொதிந்துவிட்டார் அந்தப் பெண். பிறகு காகிதப் பை. வெளியே தூறல் விழுகிறது என்று அந்தப் பைக்கு மேல் கண்ணாடிக் காகிதத்தில் ஒரு சட்டை. இந்தச் சட்டைக்குக் காசு இல்லை.

“இதுதாங்க சித்தப்பா பிரச்சினையே” என்றான் அண்ணன் மகன். “காசு வாங்காம செஞ்சா கணக்குல எப்படி வரும்?”

அவன் சொன்னது நியாயம். அமெரிக்காவில் மேசைக்கு வந்து சிரித்துவிட்டுப் போனதற்கு டிப்ஸ் உண்டு; டிப்ஸ் வருமானம், வருமானம் மதிப்பு. இங்கே டிப்ஸ் வாங்கமாட்டார்கள். குனிந்து வணங்குவது மிட்டாய் விலையிலேயே அடக்கம். பல வருடம் விலையே ஏறாத நாட்டில், வணக்கம் மட்டும் ஏறிக்கொண்டே போயிருக்கிறது.

சாலையில் ஒரு குழி தோண்டினால் இரண்டு பக்கமும் ஆட்கள். தலையில் ஹெல்மெட், கையில் சிவப்பாக ஒளிரும் தடி, பெரும்பாலும் அறுபது எழுபது வயதுக்காரர்கள். நடந்து போகிறவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, கை காட்டி, நாலடி தூரம் ஒதுக்கிவிடுவதே வேலை. ஒரு போர்டு வைத்தால் போதாதா என்று முதலில் எனக்கும் தோன்றியது. ஆனால் ரயில்களில் ஓட்டுநரும் கார்டும் சிக்னலை விரல் நீட்டிக் காட்டி, வாய்விட்டுச் சொல்கிறார்களே, அதுவும் பார்க்கக் கோமாளித்தனம்தான். 1990களில் ரயில்வே ஆய்வு நிறுவனம் அதைச் சோதித்துப் பார்த்தபோது, அப்படிக் காட்டிச் சொல்பவர்கள் செய்யும் தவறு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகக் குறைந்தது. நடக்காமல் போன விபத்துக்கு யாரும் ரசீது போடுவதில்லை. எல்லாத் தடிக்காரர்களுக்கும் இந்த நியாயம் பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு சந்தில் மூன்று பேர் நின்று என் ஒருவனை ஒதுக்கிவிட்டார்கள்.

நகரத்தின் தெற்கே, ஹனேடா விமான நிலையத்தை ஒட்டி ஓட்டா வார்டு. நான் இந்த ஊருக்கு வர ஆசைப்பட்டதே இதற்காக. வீட்டுக்கு அடியில் பட்டறை, பட்டறைக்கு மேல் வீடு என்று சந்து சந்தாக உலோக வேலை. 1980களின் தொடக்கத்தில் 9,000க்கும் மேற்பட்ட பட்டறைகள். இன்று பாதிகூட மிச்சமில்லை. மொட்டை மாடியிலிருந்து ஒரு வரைபடத்தைக் காகித விமானமாக மடித்து விட்டால் அது சாமானாகத் திரும்பி வரும் என்று இந்த வார்டைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். ஒருவர் கடைவார், பக்கத்துச் சந்துக்காரர் துளை போடுவார், மூன்றாமவர் முலாம் பூசுவார். சாமான் சைக்கிளில் சுற்றி வரும். கோவையில் பீளமேடு, கணபதிப் பக்கம் லேத் பட்டறைகளில் ஜாப் ஆர்டர் கை மாறுவதைப் பார்த்தவனுக்கு இது விளக்கமே தேவைப்படாத ஏற்பாடு.

நாங்கள் போன பட்டறையில் இரண்டே பேர், அப்பாவும் மகனும். அப்பாவுக்கு எழுபது இருக்கும். சுழலும் அச்சின் மேல் தட்டையான அலுமினியத் தகட்டை மாட்டி, ஆள் உயர இரும்புக் கம்பி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உடம்பின் எடை முழுவதையும் அதன்மேல் சாய்த்துத் தகட்டை அழுத்துகிறார். தகடு நெளியாமல், கிழியாமல், மெல்ல மெல்ல அச்சின் மேல் படிந்து கிண்ணமாகிறது. கை அசையவே இல்லை, இடுப்புதான் நகர்கிறது. சமையல் பாத்திரம் முதல் ஆன்டெனா வரை இந்த முறையில் செய்வார்கள். முடிந்ததும் இயந்திரத்தை நிறுத்தி, விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்று தடவினார். ஒரு இடத்தில் விரல் நின்றது. மறுபடி மாட்டினார். நான் அதே இடத்தைத் தடவிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. மகன் கருவியை வைத்து அளந்து, தலையாட்டிக் காட்டினான்.

விலையை யார் வைப்பது என்று கேட்டேன். வாங்கும் கம்பெனிதான். வருடா வருடம் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள் என்று கேட்பார்களாம். அப்பா கையை விரித்துக் காட்டினார். ஜப்பானிய உற்பத்தித் துறையில் சிறு பட்டறைகளில் ஒரு தொழிலாளி தரும் மதிப்பு, பெரிய கம்பெனித் தொழிலாளி தருவதில் பாதியை எட்டுவதில்லை. பெரிய கம்பெனியில் நல்ல இயந்திரம் இருக்கிறது என்பது உண்மை. பட்டறைக்காரரின் கட்டைவிரலைக் குறைந்த விலைக்கு வாங்கிக் கூடுதல் விலைக்கு விற்கும் வசதியும் அங்கேதான் இருக்கிறது.

இதற்கு மாறாக ஒருவர் இருந்தார். நகரின் கிழக்கே சுமிதா வார்டில், விரல் விட்டு எண்ணும் ஆட்களோடு பட்டறை நடத்திய மசாயுகி ஓகானோ. தெருமோ என்ற மருத்துவக் கருவிக் கம்பெனிக்காக, நுனி வெறும் 0.2 மில்லிமீட்டர் பருமனுள்ள ஊசியைத் தகட்டைச் சுருட்டியே செய்துகாட்டினார். 2005இல் அது சந்தைக்கு வந்தது. தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களுக்கு வலி குறைந்தது. அந்தக் குறைந்த வலி எந்தத் தொழிலின் உற்பத்தித்திறனில் சேரும் என்று எனக்கு யாராவது சொன்னால் தேவலை.

அப்படியானால் இந்த ஊரின் நேரமெல்லாம் எங்கேதான் வீணாகிறது? சுற்றுலா வந்தவன் கண்ணில் படாத இடத்தில். அண்ணன் மகன் வேலை பார்க்கும் இடத்தைப் பற்றிக் கேட்டபோது பெருமூச்சுதான் முதலில் வந்தது. கூட்டத்துக்கு முன்னால், கூட்டத்தில் என்ன சொல்லலாம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்துப் பேசி வைக்க வேண்டும். கூட்டத்தில் எல்லோரும் ஏற்கெனவே தெரிந்ததைக் கேட்டுத் தலையாட்ட வேண்டும். பிறகு காகிதம் மேசை மேசையாகப் போய் ஆளுக்கொரு சிவப்பு முத்திரை வாங்கிக்கொண்டு வர வேண்டும். 2020இல் தாரோ கோனோ என்ற அமைச்சர் இந்த முத்திரைப் பழக்கத்தின் மேல் போரே தொடுத்தார். ஃபிளாப்பி டிஸ்க்கில் விண்ணப்பம் தரச் சொல்லும் அரசு விதிகளை ஏறக்குறைய முழுக்க ஒழித்துக்கட்டியது 2024இல்தான்.

“மேனேஜர் கிளம்பாம நாம எப்படிங்க சித்தப்பா கெளம்பறது? சும்மாவாச்சும் ஸ்கிரீனப் பார்த்துட்டு உக்காந்திருப்பேன்” என்றான். பொதுவாக மாதம் 45 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் கூடாது என்று 2019இலிருந்து சட்டம் வந்திருக்கிறது. அதற்கப்புறம் பரவாயில்லையாம்.

ஏழு நிமிடத்தை நொடி நொடியாகச் செதுக்கிய அதே ஊர், படித்தவர்களின் ஏழு மணி நேரத்தை இப்படி இறைக்கிறது. துடைப்பக்காரரின் நேரத்தை அளக்க ஆள் இருக்கிறது, மேனேஜரின் நேரத்தை அளக்க இல்லை. எங்கள் மில்லிலும் ஸ்டாப்வாட்ச் ஒருநாளும் ஆபீஸ் கட்டடத்துக்குள் போனதில்லை.

தொழில்வாரிப் பட்டியலில் ஒரு வேடிக்கை உண்டு. ஆள் ஒன்றுக்கு மதிப்பு என்று பார்த்தால் உயரத்தில் நிற்பது ரியல் எஸ்டேட். கட்டடம் நிற்கிறது, வாடகை வருகிறது, ஆட்களோ குறைவு. போதாதென்று, சொந்த வீட்டில் குடியிருப்பவர்கள் தங்களுக்கே வாடகை கொடுத்துக்கொள்வதாக ஒரு தொகையையும் போட்டு அந்தத் துறையின் மதிப்பில் சேர்க்கிறார்கள். அடிமட்டத்தில் ஹோட்டல், சாப்பாட்டுக் கடை, முதியோர் பராமரிப்பு. மருனோஉச்சி அலுவலகப் பகுதியின் உயரமான கட்டடங்களை அண்ணாந்து பார்த்தபோது, டோக்கியோவிலேயே அதிகத் திறமையோடு உழைக்கிறவை இந்தக் கான்கிரீட் தூண்கள்தான் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

1955இல் அமெரிக்க உதவியோடு, முதலில் சொன்ன அந்த உற்பத்தித்திறன் மையத்தைத் தொடங்கியபோது மூன்று கொள்கைகளை எழுதிவைத்தார்கள். வேலை வாய்ப்பைக் காப்பது, முதலாளியும் தொழிலாளியும் கலந்து பேசுவது, கிடைத்த பலனை நியாயமாகப் பங்கிடுவது. முதல் இரண்டையும் ஓரளவு கண்ணால் பார்க்க முடிகிறது.

கிளம்புவதற்கு முந்தின இரவு, குடும்பங்கள் வந்து சாப்பிடும் ஒரு ரெஸ்டாரன்ட்டுக்குப் போனோம். மேசையில் இருந்த திரையைத் தொட்டு ஆர்டர் கொடுத்தோம். கொஞ்ச நேரத்தில், தலையில் காது வைத்த, திரையில் பூனை முகம் காட்டும் இயந்திரம் ஒன்று தட்டுகளைச் சுமந்துகொண்டு உருண்டு வந்து, எங்கள் மேசையருகே நின்று மியாவ் என்றது. நாங்களே எடுத்துக்கொள்ள வேண்டும். வழியில் ஒரு குழந்தை அதன் காதைத் தடவ, கொஞ்சம் சிணுங்கிவிட்டு விலகிப் போனது. ஆள் கிடைக்காத ஊரில் இப்போது இந்தப் பூனைகள் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன.

மேசைகள் முப்பதாவது இருக்கும். கண்ணில் பட்ட மனிதர், அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா மட்டும். பூனைக்குத் தட்டு தூக்கத் தெரியும், மேசை துடைக்கத் தெரியாது. அதற்கு அவர். எங்கள் மேசைக்கு வந்தபோது அண்ணன் மகன் பேச்சுக் கொடுத்தான். முன்பு இந்த ஷிஃப்ட்டில் நாலு பேர் இருந்தார்களாம்.

“இப்ப நானும் மூணு பூனையுந்தான்னு சொல்றாங்க” என்றான்.

பில்லைக் கட்டுவதும் இயந்திரத்தில்தான். முப்பது மேசை, ஒரே ஆள். வருமானத்தை அவருடைய மணியால் வகுத்தால் நான் இந்த நகரத்தில் பார்த்தவர்களிலேயே உற்பத்தித்திறன் கூடியவர் இவராகத்தான் இருக்க வேண்டும். பூனைகள் வந்த பிறகு சம்பளம் எவ்வளவு ஏறியது என்று கேட்கச் சொன்னேன்.

“அதெல்லாம் இங்க கேட்கக் கூடாதுங்க சித்தப்பா” என்று சொல்லிவிட்டு எழுந்து பில் கட்டப் போய்விட்டான்.